புண்ணியம் யார் கணக்கில்?

உபந்நியாச மண்டபங்களிலும், சில சமயம் படித்தவர்கள் கூடிப் பேசும் திண்ணைகளிலும், ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. தனி மனிதன் ஒருவன் தன் கைப்பொருளைச் செலவிட்டு, தன் வீட்டில் இலை போட்டுப் பசித்தவனுக்கு அன்னமிட்டால் அது தர்மம், அதன் பலன் அவனைச் சேரும். ஆனால் அரசாங்கமானது, குடிகளிடமிருந்து சட்டத்தின் வலிமையால் வாங்கிய வரிப்பணத்தைக் கொண்டு ஒரு துறையை ஏற்படுத்தி, அதில் ஆட்களை நியமித்து, முதியவர்களுக்குச் சோறும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடிச் சென்று மருந்தும் அளிக்கும்போது, கொடுப்பவர் என்று ஒருவரும் அங்கே இல்லையே, மனமுவந்து ஈதல் என்பது எந்தக் கட்டத்திலும் நிகழவில்லையே, அப்படியிருக்க அதை அறம் என்று எவ்வாறு சொல்வது என்பதே அந்த ஆட்சேபம். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. ஏனெனில் தானத்தின் பெருமையைப் பேசும் நம் சாஸ்திரங்கள் பெரும்பாலும் கொடுப்பவனுடைய மனத்தைத்தான் முதலில் உரைத்துப் பார்க்கின்றன.

ஆனாலும், கொடுப்பவனையே நடுவில் நிறுத்திப் பார்க்கும் இந்தப் பார்வையில் ஓர் அபாயம் உண்டென்பதைத் தமிழ்ப் புலவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். சங்கப் புலவர் முடமோசியார் வள்ளல் ஆய் அண்டிரனைப் பாட வந்தபோது, அவன் மறுமை லாபத்தை எதிர்பார்த்து வழங்கும் வியாபாரி அல்லன் என்பதையே அவனுடைய தனிப் புகழாகக் கூறினார். மணிமேகலை ஆசிரியரோ இன்னும் ஒரு படி ஆழமாகச் சென்றார். சிந்தாதேவி அருளிய, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தைக் கையிலேந்தி மதுரையில் பசித்தவர்களுக்கெல்லாம் சோறிட்டு வந்த ஆபுத்திரன், வரம் கொடுப்பதாக வந்த இந்திரனையே எள்ளி நகைத்து, தேவலோகத்தில் கொடுப்பவரும் இல்லை, கொள்பவரும் இல்லை என்னும் கருத்துப்பட உரைத்துவிட, சினங்கொண்ட இந்திரன் பாண்டிய நாட்டில் பெருமழையைப் பெய்வித்தான். நாடு செழித்தது, பசி ஒழிந்தது, ஆபுத்திரனுடைய பாத்திரத்தைத் தேடி வருவார் ஒருவரும் இல்லாமற் போயினர். ஊர் ஊராகச் சென்று உண்ண வருவீர்களா என்று கேட்டு நடந்த அந்த வள்ளல், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறி, இடையே மணிபல்லவத்தில் இறங்கியபோது கப்பல் அவனை விட்டுச் சென்றுவிட, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். பகைவனைச் சாபத்தால் தண்டிக்காமல் சுபிட்சத்தால் தண்டிக்கும் கதை வேறெங்கேனும் இருக்குமா என்று நான் வியப்பதுண்டு. ஆபுத்திரனுடைய கருணையில் ஐயமில்லை. எனினும், நாடு நலம் பெற்ற நாளே அவனுக்கு வெறுமை பிறந்த நாளாயிற்று என்பதைக் கவி மறைக்கவில்லை. என் புண்ணியத்துக்குப் பிறனுடைய பசி இன்றியமையாததாகிவிடும் இடம் அது.

அரசாங்கத்துக்கு ஆன்மா இல்லை என்பது பொதுவாக ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. இந்த ஒரு விஷயத்தில் அதுவே அதன் தகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. கரையேற வேண்டிய ஜீவன் எதுவும் அதற்கு இல்லாமையால், ஏழை ஒருவன் எப்போதும் ஏழையாகவே இருக்கவேண்டும் என்ற தேவையும் அதற்கு இல்லை. வரி என்பது அச்சத்தால் கொடுப்பதாயிற்றே என்பார்க்கு ஒரு விடை உண்டு. குருகுலவாசம் முடித்துச் செல்லும் மாணவனுக்குத் தைத்திரீய உபநிஷதம் சொல்லும் அறிவுரையில், ஈயும் முறைகளுள் சிரத்தையோடு நாணமும் அச்சமும் கூட இடம் பெற்றிருக்கின்றன. அந்த ரிஷி வருமானவரி அதிகாரியை நினைத்து அப்படிச் சொல்லியிருக்க நியாயமில்லைதான்; ஆயினும் மனம் முழுதும் கனிந்த பிறகே கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பசி காத்திராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும்.

தனி மனிதன் கையிலிருந்து நிலையான ஏற்பாட்டுக்கு அறம் நகர்வதும் நமக்குப் புதியதன்று. பின்னாளில் அந்த அமுதசுரபியைப் பெற்ற காப்பிய நாயகி மணிமேகலை, அது தன் கையில் இருந்தபோதும், சோழ மன்னனிடம் கேட்ட வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரவேண்டும் என்பதே. 1867-ஆம் ஆண்டில் வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கியபோது பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் அளித்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பின்னர் 1982-இல் சத்துணவுத் திட்டம் குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டு, மறு ஆண்டிலேயே முதியோர் ஓய்வூதியம் பெறுவோரும் அந்தச் சத்துணவுக் கூடத்தில் உண்ணலாம் என்று விரிவாக்கப்பட்டது. கூடத்தில் உண்பவர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசியும், உண்ணாதவர்களுக்கு 4 கிலோவும் என்று விதித்த விதியைப் பார்க்கும்போது, தருமம் தராசுத் தட்டில் ஏறிவிட்டதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தத் தராசின்மீது மதிப்பு உண்டு. தனவந்தர் வீட்டு விருந்தில் உண்ணும் கிழவி, மகராசனாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தி, அந்த வாழ்த்தையே விலையாகக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வாழ்த்து வராத நாளில் அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லை. ரேஷன் கடை வாசலிலோ அதே கிழவி, அரிசியில் கல் இருக்கிறது, எடை குறைகிறது என்று உரத்த குரலில் சண்டை போடலாம். அந்தச் சண்டை போடும் உரிமையைப் புண்ணியம் தேடும் எந்த வள்ளலும் எந்த யாசகனுக்கும் கொடுத்ததில்லை. அதே சமயம், அந்த அரிசிக்குத் தகுதி பெறுவதற்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்று, எனக்கு ஆதரவு என்று ஒருவரும் இல்லை என்று பெற்ற பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு அவள் சொல்லவேண்டியிருப்பது, எந்த வாழ்த்தையும்விடக் கனத்த விலை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கூடத்துக்கு நடந்து வரக்கூடியவர்களின் காரியம் இவ்வளவில் முடிகிறது. நடக்க இயலாதவர்களை நினைக்கும்போதுதான் கேள்வி கடினமாகிறது. அரிசியைப் போலப் பராமரிப்பை மூட்டையில் கட்டி அனுப்பிவிட முடியாது, ஒரு மனித உயிர் வாசற்படியைத் தாண்டி உள்ளே சென்றாக வேண்டும். திருச்சிராப்பள்ளி மலைமேல் தாயுமானவராக எழுந்தருளியிருக்கும் பெருமானுடைய ஸ்தலபுராணம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பிரசவ வேதனையில் இருந்த ரத்னாவதியிடம் வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டு நின்றபோது, அந்தத் தாயின் உருவத்திலேயே இறைவன் வந்து, பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை பணிவிடை செய்தான் என்பது அந்தக் கதை. அருளாசி வழங்கிச் செல்லவில்லை. வெந்நீர் வைத்து, துணி துவைத்துக் கொடுக்கும் வேலையைச் செய்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் திட்டத்துக்குத் தாயுமானவர் என்ற பெயர் சூட்டப்பட்டபோதும், அறிந்தோ அறியாமலோ அரசு இந்தக் கதைக்குள் கால் வைத்துவிட்டது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வருகிறவள், பக்கவாதத்தால் விழுந்தவருடைய கையை நீட்டி மடக்கிப் பயிற்சி தருகிறவர், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் வலியைத் தணிக்க வருகிறவர் என்று பலர் இப்போது படியேறுகிறார்கள்.

புண்ணியம் யாரைச் சேரும் என்ற ஆட்சேபக்காரரின் கேள்வியை இங்கே வேறு விதமாகத் திருப்பிக் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். வரி செலுத்தியவர்க்கும், அரசாணையில் கையொப்பமிட்டவர்க்கும் பலன் உண்டா இல்லையா என்பதைச் சித்திரகுப்தனிடம் விட்டுவிடலாம். படியேறி வருகிற அந்தப் பெண்ணுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த அவளுக்குத் தன்னார்வலர் என்று பெயர். அவள் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ஊக்கத்தொகை என்று பெயர். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும், சிறப்புக் காலமுறை ஊதியம் போதாது, மற்ற அரசு ஊழியர்களைப் போன்ற காலமுறை ஊதியம் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். இது சேவையல்லவா, சேவைக்குக் கூலி பேசலாமா என்று நம்மில் பலருடைய மனம் உள்ளூர நினைக்கிறது.

அப்படி நினைப்பவர்கள் வந்திக் கிழவியின் கதையை மறுபடி ஒருமுறை கேட்கவேண்டும். வைகை கரையுடைத்தபோது, அதை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்று உயிர் வாழ்ந்த, சுற்றம் யாருமற்ற அந்த முதியவளுக்கும் பங்கு அளந்து விட்டார்கள். யாருக்கு அரசு துணை நிற்கவேண்டுமோ அவளிடமே அரசு ஆள் கேட்ட விசித்திரம் அது. அவளுக்காகக் கூலியாளாக வந்த சிவபெருமானாகிய சொக்கநாதன் முதலில் பேசியதே கூலியைத்தான்: உதிர்ந்த பிட்டு எனக்கு, முழுப் பிட்டு உனக்கு என்று பேசி முடித்துக்கொண்டு பிறகே கூடையைத் தூக்கினான். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தது அவன் லீலை. கடவுளே கூலி பேசிக்கொண்டு செய்த வேலையை மனிதர் கூலி பேசாமல் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன பக்தியோ எனக்கு விளங்கவில்லை. உதிரியைக் கொண்டு திருப்தியடைவது அவனுக்கு விளையாட்டு. மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளுக்கு உலை வைக்கவேண்டியவளுக்கு அது இயலாது. வேலை சரியில்லை என்று மன்னன் அந்தக் கூலியாளைப் பிரம்பால் அடித்த அடி, அடித்தவன் உட்பட எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது என்று புராணம் முடிப்பதை மதுரையில் இன்றும் ஆவணியில் பிட்டுத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம்.

சோழர்கள் இந்தக் கூலி விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்து நடந்த ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்ததையும், அங்கே வைத்திருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் விவரமாகச் சொல்கிறது. அதோடு அது நிற்கவில்லை. வைத்தியருக்கு மட்டுமின்றி, சல்லியக்கிரியை என்னும் அறுவை சிகிச்சை செய்பவருக்கும், மூலிகை பறித்துவந்து விறகு சுமப்பவர்க்கும், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்களுக்கும் இன்னாருக்கு இவ்வளவு என்று நெல்லையும் காசையும் வகுத்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.