வாங்கும் கைக்குப் பொறுப்பில்லையா?



சிறிதளவு கஞ்சாவைச் சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பது குற்றமாகக் கூடாது. பயிரிடுவதும் விற்பதும் குற்றமாகவே இருக்கவேண்டும். இது இலண்டன் போதைப்பொருள் ஆணைக்குழு 2025 மே மாதம் செய்த பரிந்துரை. மேயர் சாதிக் கான் ஆதரித்தார், அரசாங்கம் ஏற்கவில்லை.

இளவயதுத் தவறொன்று பொலிஸ் பதிவாகி, வேலைக்குத் தடையாவதைத் தவிர்ப்பது நல்ல நோக்கமே. ஆனால் வைத்திருப்பவர் அதை யாரிடம் வாங்குவார்? கள்ளக் கும்பலிடந்தானே! சிறுவர்களைக் கொண்டு போதைப்பொருள் கடத்துவோரும் இத்தகைய கும்பல்களில் உண்டு.

கனடா 2018 அக்டோபர் 17 முதல் விற்பனையையும் சட்டபூர்வமாக்கியது. வாங்குவோரில் பெரும்பாலோர் அனுமதி பெற்ற கடைகளுக்கு மாறினர். ஆயினும் மலிவு விலையால் கள்ளச்சந்தை முற்றாக ஒழியவில்லை.

ஆகவே சட்டம் பாதி வேலையையே செய்யும். மீதி வாங்குபவரின் மனச்சாட்சியில் உள்ளது. புலால் மறுத்தல் அதிகாரத்தில், உண்பவருக்கும் கொலையில் பங்குண்டு என்று வள்ளுவர் வாதிடுகிறார். அந்த நியாயம் இங்கும் பொருந்தும்.

பெற்றோர்களே, "பிடிபடுவாய்" என்று பயமுறுத்துவதோடு நின்றுவிடாமல், "நீ கொடுக்கும் பத்துப் பவுண் யாரை வாழவைக்கிறது, யாருடைய பிள்ளையைக் கெடுக்கிறது?" என்றும் நம் பிள்ளைகளிடம் கேட்போமாக.