காயை அளக்கிற ஊர் காற்றையும் அளக்கட்டும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் அளக்காமல் கைமாறுவதில்லை. சல்லடையில் சலித்து 8 எம்.எம்., 7 எம்.எம். என்று பிரிக்கிறோம். ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்று நிறுக்கிறோம். வெளிநாடு போகிற சரக்கில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கிறோம். அந்தக் காயைப் பறித்தவரும், உலர்த்தியவரும், கிட்டங்கியில் உட்கார்ந்து தரம் பிரித்த பெண்களும் நாளெல்லாம் இழுக்கிற மூச்சில் என்ன கலந்திருக்கிறது? இத்தனை அளவுகள் தெரிந்த ஊர் இதை மட்டும் அளக்காமல் விடுவது அநீதி.

மலையில் காய் உலர்த்தும் ஒரு ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம். அது பத்துப் பங்கு அளவுக்கு வற்றும்வரை, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும், அடுப்பு அணையக் கூடாது. சூடு கூடினால் காயின் பச்சை நிறம் போகும், நிறம் போனால் விலையும் போகும். அதனால் ஓர் ஆள் தூங்காமல் விறகு தள்ளிக்கொண்டே இருக்கிறார். காயைக் காப்பாற்ற அறைக்குள் வெப்பமானி மாட்டியிருக்கிறோம். அடுப்பு வாயில் குந்தியிருக்கும் மனிதரைக் காப்பாற்ற என்ன மாட்டியிருக்கிறோம்? விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறிய ஸ்டோர்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கும்பிடுகிறேன். மற்றவர்களும் மாற வேண்டும். மாறும்வரை உள்ளே இருக்கும் புகை எவ்வளவு என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

புகையில் கண்ணுக்குத் தெரிவது சிறு பங்குதான். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அது நுரையீரலின் அடிவரை போய், இரத்தத்திலும் கலக்கிறது. இளைப்போடு நிற்பதில்லை, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது வழி திறக்கிறது. கருவில் இருக்கும் பிள்ளையையும் அது விடுவதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில், தமிழ்நாட்டில் 1,285 தாய்மார்களையும் அவர்களின் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் இந்த நுண்துகள் கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைந்தது. காற்றை அளந்ததால்தான் அவர்களால் இதைச் சொல்ல முடிந்தது. அளக்காத ஊரில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் சாப்பாட்டைத்தான் குறை சொல்வோம்.

போடி மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். பனிக்காலத்து இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அடிவாரத்தில் தங்குகிறது. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் படிந்துவிட்டால், குப்பை எரித்த புகையும் டீசல் புகையும் விடியும்வரை கிளம்ப வழியில்லை. தோட்டத் தொழிலாளர்கள் ஜீப்புக்காகக் கூடி நிற்பது அந்த நேரத்தில்தான். ஆடிக்காற்றில் ஊரே துடைத்துவிட்டதுபோல் இருக்கும். ஆடியில் மட்டும் அளந்துவிட்டு ‘நம்ம ஊர் காற்று சுத்தம்’ என்று யாராவது அறிக்கை கொடுத்தால் ஏற்காதீர்கள். கோடையில் மலைத்தீ. 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. தீயை நினைவு வைத்திருக்கிறோம், அந்த மாதங்களில் வருகிற புகையைக் கணக்கில் வைப்பதில்லை.

2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. போடி இல்லை. ஒரு நாள் சராசரியாக நுண்துகள் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி; உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. பட்டியலில் பெயர் வரட்டும் என்று நுரையீரல் காத்திருக்காது. கைப்பேசிச் செயலி போடிக்கும் ஓர் எண் காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். கருவி இல்லாத ஊருக்குப் பல செயலிகள் காட்டுவது கணினியின் கணிப்பு மட்டுமே.

முழுநேரத் தானியங்கி நிலையம் கோடி ரூபாய்க் காரியம். அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரை சிறிய ஒளிச்சிதறல் கருவிகள் உதவும்; பள்ளி, ஜீப் நிற்கும் இடம், கிட்டங்கி, ஸ்டோர் என்று மனிதர் மூச்சு விடும் இடங்களில் அவற்றை மாட்டலாம். ஓர் எச்சரிக்கை: போடிமெட்டு மூடுபனியில் இவை நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிவிடும். தரமான கருவியின் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்தாமல் எந்த எண்ணையும் ஊருக்குச் சொல்லாதீர்கள். பொய்யான பீதியும் பாவம்தான்.

சாமானியரால் ஆகாது என்று சொல்லாதீர்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தினர் 2004-ல் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள் அதில் இருந்தன. அதுவரை ‘நாற்றம் அடிக்கிறது’ என்ற புகாராக மட்டும் இருந்தது, அன்று முதல் சாட்சியம் ஆனது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டோரும் மருந்தடிப்பும் பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கியில். தொழிலாளர்கள் இளைப்போடு வந்து படுப்பது போடி அரசு மருத்துவமனையில். காரணம் ஒரு மாநிலத்தில், நோய்ச்சீட்டு இன்னொரு மாநிலத்தில். இரண்டு மாநில வாரியங்களும் ஒரே ஏட்டில் எழுதாவிட்டால் இந்த உண்மை மலையைத் தாண்டாது. டாக்டர்களே, மூச்சுத்திணறலோடு வருபவரிடம் எங்கே வேலை, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டு எழுதி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாகப் போகிற சகோதரிகளே, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது இருமலையும் கேளுங்கள்.

வியாபாரிகளே, இந்தச் செலவை முதலில் ஏற்க வேண்டியவர்கள் நீங்கள். ஏலத்தில் விற்கும் கிலோவுக்குச் சில பைசா ஒதுக்கினால் கருவிகளும் பராமரிப்பும் நடக்கும். உங்கள் ஸ்டோரில் எண் மோசமாக வந்தால் மறைக்காதீர்கள். அந்த எண் உங்கள் ஆளுடைய உயிர். நகராட்சி உறுப்பினர்களே, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் வையுங்கள். பேருந்து நிலையத்தில் தினமும் தமிழில் அளவை எழுதிப் போடுங்கள். அளவு மீறிய நாளில் குப்பைக்குத் தீ வைப்பவரிடம் அபராதம் வாங்குங்கள், அது நகராட்சியின் சொந்தக் குப்பைக்கிடங்காக இருந்தாலும். பள்ளிகளில் அன்று விளையாட்டு வகுப்பை நிறுத்துங்கள்.

ஆடிக்காற்று அடங்கினால் மலையில் பறிப்பு மும்முரமாகும், ஸ்டோர் அடுப்புகள் இரவு பகலாக எரியும். அதற்கு முன் கருவிகள் சுவரில் ஏறியிருக்க வேண்டும்.