பேரமும் பேணுதலும்

உறவினர் வீட்டு நிகாஹ் ஒன்றிற்காக அண்மையில் பெங்களூர் சென்றிருந்தோம். அஸருக்குப் பின் சற்று ஓய்வு கிடைக்கவே, சிவாஜி நகரிலுள்ள ரஸ்ஸல் மார்க்கெட்டைப் பார்த்து வரப் புறப்பட்டோம். கன்டோன்மென்ட் பகுதிக்கென 1927ல் கட்டப்பட்ட கூரைச் சந்தை அது. 2012 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்தும் சந்தை அழியாமல் நிற்கிறது. 1985 மே மாதத்தில் தீக்கிரையாகி மறைந்துபோன நம் சென்னை மூர் மார்க்கெட்டை எண்ணியவாறே உள்ளே நுழைந்தோம்.

காய், கனி, பூ, மீன், இறைச்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை. உருதும் தமிழும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. ஒரு கடையில் பேரீச்சம்பழம் வாங்கினோம். அட்டையில் விலை எழுதி வைத்திருந்தார்கள். பார்த்தோம், மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

வெளிவாசலை ஒட்டித் தரையில் சாக்கு விரித்து ஒரு மூதாட்டி எலுமிச்சம்பழம் விற்றுக் கொண்டிருந்தார். பத்துப் பழம் 60 ரூபாய் என்றார். நாம் 40 என்றோம். அவர் 50க்கு இறங்கினார். நாம் இரண்டடி நகர்ந்தோம். "பொழுது போயிடுச்சு, எடுத்துக்கோங்க பாய்" என்றார். வெற்றி பெற்றவரைப் போல் வாங்கிக் கொண்டு வந்தோம்.

மஃக்ரிபுத் தொழுகையில் நின்றபோதுதான் அந்தச் சொல் நெஞ்சில் உறுத்தியது. விலை எழுதிய கடையில் வாய் மூடி நின்ற நாம், சாக்கு விரித்த கிழவியிடம் மட்டும் ஏன் வீரம் காட்டினோம்? "எடுத்துக்கோங்க" என்று அவர் சொன்னது சம்மதமா, சலிப்பா?

பேரம் பேசுவது மார்க்கத்தில் ஆகுமானதே. விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு சஹாபாக்கள் வேண்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே என்றும், எவருடைய உயிரிலோ பொருளிலோ அநீதி செய்தவராக அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்றும் கூறினார்கள். ஆகவே விலை வாங்குபவர், விற்பவர் இருவரின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. அதிகாரி நிற்காத இடத்தில் மனசாட்சி நிற்க வேண்டுமென்பதே இதில் நாம் காணும் பாடம்.

அன்னிஸா அத்தியாயத்தின் 29வது வசனம், ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்ணலாகாது என்று தடுத்து, இருவரும் பொருந்திச் செய்யும் வியாபாரத்திற்கு மட்டும் விலக்களிக்கிறது. பொருத்தம் என்பது உள்ளத்தின் காரியம். உள்ளத்தைப் பார்க்க நம்மால் முடியாததால், ஃபிக்ஹு சட்டம் வாய்ச்சொல்லைக் கொண்டு தீர்ப்பளிக்கிறது. அந்தத் தீர்ப்பின்படி நம் எலுமிச்சம்பழம் ஹலால்தான், ஐயமில்லை. ஆனால் ஃபத்வா முடியுமிடத்தில் பேணுதல் தொடங்குகிறது. விலை படியாவிட்டால் நாம் நடந்து போய்விடலாம். பொழுது சாய்ந்த பின் பழத்தைச் சுமந்து அவர் எங்கே போவார்? ஒருவர் விலகிப் போகக் கூடியவராகவும், மற்றவர் போக முடியாதவராகவும் இருக்கும்போது, அங்கே பேசியது பேரமா, அவருடைய முடையா?

ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பயணத்தில் வரும்போது நபி (ஸல்) அவர்கள் அதை விலைக்குக் கேட்டார்கள், பேரமும் பேசினார்கள். ஓர் ஊக்கியா வெள்ளிக்கு முடிந்தது. மதீனா வந்ததும் விலையை நிறைவாகக் கொடுத்தார்கள். ஜாபிர் திரும்பிச் சென்றபோது அவரை அழைத்து, ஒட்டகத்தையும் அவரிடமே கொடுத்து விட்டார்கள். ஒட்டகத்தைப் பறிப்பதற்காகவா உம்மிடம் பேரம் பேசினேன் என்ற கருத்தில் கேட்டும் இருக்கிறார்கள். பேரம் ஸுன்னத்தில் இருக்கிறது என்று சொல்பவர்கள், அது எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"கூலி வேலை செய்பவர் வீட்டில் ஒவ்வொரு ரூபாயும் கணக்காயிற்றே, அவர்களும் பேரம் பேசக் கூடாதா?" என்று கேட்கலாம். தாராளமாகப் பேசட்டும். இருவரும் முடையிலிருந்தால் அங்கே கூட்டிக் குறைப்பது இயல்பே. அநியாய விலை சொல்பவரிடம் பேசுவதும் தவறன்று. நம் பேச்சு, 20 ரூபாயின் இழப்பை உணராத நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. அந்த 20 ரூபாய் நமக்கு ஒரு பொழுதுபோக்கு. அவருக்கோ அது இரவுச் சோற்றில் ஒரு பங்கு.

மறுநாள் காலை ரயில். அந்த மூதாட்டியைத் தேடிப் போக நேரமில்லை. ஊர் வந்து சேர்ந்த பின்னும் மனம் ஆறவில்லை. இங்கே எம்.கே.பி. நகரில், காசிமேட்டிலிருந்து மீன் கூடையுடன் ஒரு பெண் நம் தெருவுக்கு வருகிறார். லுஹர் நேரம் நெருங்க நெருங்க அவர் குரல் இறங்கும், விலையும் இறங்கும். அந்த நேரத்திற்காகவே காத்திருந்து வாங்கும் வழக்கம் நம் வீட்டிலும் இருந்தது. இப்போது காலையிலேயே, சொன்ன விலைக்கு வாங்கச் சொல்லியிருக்கிறோம். பெங்களூர்க் கடன் இதனால் தீர்ந்ததென்று சொல்ல மாட்டோம். இனி புதுக்கடன் ஏறாதிருந்தால் போதும்.

பள்ளிவாசல் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான இடம், கடைத்தெரு அவனுக்கு மிக வெறுப்பான இடம் என்று ஹதீஸில் வந்துள்ளது. அதே கடைத்தெருவில் நபிமார்களும் நடந்திருக்கிறார்கள் என்று திருமறை கூறுகிறது. விற்கும்போதும் வாங்கும்போதும் இலகுவாக நடப்பவருக்கு அருள் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். தாய்மார்களே, சகோதரர்களே, வாசலில் கூடை இறங்கும்போது அந்த துஆவை நினைவில் கொள்வோம்.

நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக! ஆமீன்.