தயக்கத்துக்கு மருந்து தன்னம்பிக்கையா?

"என்னால் முடியுமா?" என்று கேட்பவரிடம், முதலில் உன்னை நம்பு, பிறகு தொழிலில் இறங்கு என்கிறார்கள். இந்த வரிசையே பிழை. வேலையில் கை வைக்காதவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்? கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இசையமைப்பாளர் இளையராஜாவின் வாழ்க்கை வேறு வரிசையைக் காட்டுகிறது. அண்ணன் பாவலர் வரதராசனோடு இடதுசாரி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர், சென்னைக்கு வந்ததும் தன்ராஜ் மாஸ்டரிடம் மறுபடி மாணவராக உட்கார்ந்து மேற்கத்திய இசை கற்றார். பிறகு இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளரானார். அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976இல்தான். அந்த ஆண்டுகளில் அவர் மனம் என்ன நினைத்தது என்று ஊகிக்க வேண்டாம்; கை என்ன செய்தது என்பது தெரியும். தெரியாததைக் கற்றது, பிறர் பெயரில் வெளிவரும் இசைக்கு உழைத்தது. "நான் தகுதியானவனா?" என்ற கேள்வி தீர்ப்புக்காகக் காத்திருக்கும், "இதை எப்படி எழுதுவது?" என்ற கேள்விக்கு இன்றே விடை தேடலாம்.

நம் மெய்யியல் மரபும் இந்தப் பக்கமே நிற்கிறது. கீதையின் கர்மயோகம் செயலை நம்மிடம் விட்டு, பலனை நம் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. இளையராஜா போற்றும் ரமண மகரிஷி, ஐயப்படுவது யார் என்று விசாரிக்கச் சொன்னவர். செருக்கும் தாழ்வு மனப்பான்மையும் ஒரே 'நான்' இடும் இரு கணக்குகள். ஒன்றை அழித்து மற்றதை எழுதுவதால் கணக்கு தீராது. செயலில் கவனம் ஊன்றும்போதுதான் அந்த 'நான்' சற்றே ஒதுங்குகிறது.

வென்றவர் ஒருவரைக் காட்டி விதி வகுக்கலாமா, கோடம்பாக்கத் திரையுலகில் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உழைப்பு வெற்றிக்கு உத்தரவாதம் என்று நான் சொல்லவில்லை. வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தபோது ஊழுக்கும் ஒன்று வகுத்தார். இதைவிடக் கனமான மறுப்பு வேறு: பிறப்பைச் சொல்லித் தாழ்த்தும் சமூகம் விதைத்த ஐயத்தைத் தனிமனிதர் தன் உழைப்பால் மட்டும் களைய முடியுமா? முடியாது. பண்ணைப்புரத்து இளைஞருக்கும் முதல் மேடையை ஓர் இயக்கம் தந்தது, கல்வியை ஓர் ஆசிரியர் தந்தார். தானாக உயர்ந்தவர் என்ற கதை இங்கே பொருந்தாது. ஆகவே அவர் பிறந்த தேனி மாவட்டத்தில் இன்று ஒலிப்பதிவுக் கூடமோ கைவினைத் தொழிலோ தொடங்கத் தயங்குபவருக்கு நாம் கொடுக்க வேண்டியது ஊக்க உரை அல்ல. கருவி, ஆசிரியர், முதல் வாய்ப்பு. தயக்கம் தீர்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் அவர் கைவிட்டால் போதும்.