கொடுத்தது யார்?

பெருவின் வடக்குக் கடற்கரைப் பாலையில், த்ருஹியோ நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, செர்ரோ பிளாங்கோ என்னும் குன்றின் அடிவாரத்தில் இரண்டு மண்மேடுகள் எதிரெதிரே நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவையும் குன்றுகளாகத்தான் தெரியும். கிட்டே போனால் செங்கல் வரிசை கண்ணில் படும். ஏறக்குறைய கி.பி. 100 முதல் 800 வரை இந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த மோச்சே மக்கள் சுடாத செங்கல்லால் எழுப்பிய கோயில்கள் அவை. பெரியது வாக்கா தெல் சோல், அதாவது சூரியக் கோயில். சிறியது வாக்கா தெ லா லூனா, நிலவுக் கோயில். இரண்டும் பிற்காலத்தார் வைத்த பெயர்கள். நடுவில் சுமார் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு மோச்சேக்களின் நகரம் மணலுக்கடியில் கிடக்கிறது.

நிலவுக் கோயிலை வழிகாட்டியோடு குழுவாகச் சென்றுதான் பார்க்க முடியும். பாதை மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் உச்சி மேடைகள், பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய பழைய சுவர்கள், அவற்றில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகக் கோரைப்பல் காட்டும் தெய்வ முகம். கடைசியில் பெருமுற்றம். அங்கே நிமிர்ந்து பார்த்தால் வடக்கு முகப்பு படிப்படியாக உயர்கிறது. மேல்தட்டு ஒன்றில், ஒரு கையில் கத்தியும் மறு கையில் மனிதத் தலையுமாக ஒரு சிலந்தி. அதற்குக் கீழே கைகோத்து நிற்கும் மனிதர்கள். ஆக அடித்தட்டில், பார்ப்பவரின் கண்ணுக்கு மிக அருகில், வென்ற வீரர்களும் அவர்கள் இழுத்துச் செல்லும் கைதிகளும். கைதிகளின் உடம்பில் துணி இல்லை. கழுத்தில் கயிறு இருக்கிறது.

இந்த இடத்துக்கு வந்ததும் பயணிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏன் கொன்றார்கள்? சொல்லப்படும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். எல் நினோ. சாதாரண ஆண்டுகளில் மழையை அநேகமாகக் காணாத இந்தக் கரையில், பசிபிக் கடல் சூடேறும் ஆண்டுகளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஆறு கரை உடைக்கும், வாய்க்கால் தூர்ந்துபோகும், கடலில் நெத்திலி மறைந்துவிடும், மண்ணால் கட்டிய கோயிலே கரையத் தொடங்கும். பயந்துபோன மக்கள் தெய்வத்தைச் சாந்தப்படுத்த நரபலி கொடுத்தார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த சுவருக்கு நகர்கிறார்கள்.

இந்த விளக்கம் கட்டுக்கதை அல்ல. 1995இல் ஸ்டீவ் பூர்ஷே என்ற அகழாய்வாளர் கோயிலின் பின்முற்றம் ஒன்றைத் தோண்டினார். குன்றின் பாறை ஒன்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி உண்டாக்கிய முற்றம் அது. அந்தப் பாறையடியில் எழுபதுக்கும் மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன. எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் இளைஞர்கள். பலருடைய எலும்புகள், பெருமழை கரைத்து ஓடவிட்டு உலர்ந்துபோன சேற்றில் பதிந்திருந்தன. மழை பெய்த காலத்திலேயே பலி நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதே முற்றத்தில் சேற்றுக்கு மேலும் கீழும் காற்று கொண்டுவந்த மணலிலும் எலும்புகள் இருந்தன. பிறகு தோண்டிய பக்கத்து முற்றத்தில் கிடைத்தவர்களோ மழைச் சேற்றோடு சம்பந்தமே இல்லாமல், உலர்ந்த மணலிலும் கட்டட நிரப்பிலும் கிடந்தார்கள். அதாவது வானம் வெறித்திருந்த காலத்திலும் கழுத்துகள் அறுபட்டிருக்கின்றன. மழை ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஒரே காரணமாக இருந்திருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. எப்போது கொன்றார்கள் என்பதற்கு மழை ஓரளவு பதில் சொல்லும். யாரைக் கொடுத்தார்கள், கொடுத்தவர் யார் என்ற கேள்விகளை அது தொடுவதே இல்லை. பலி என்பது காணிக்கை என்றால் கேட்க வேண்டியவை அந்தக் கேள்விகள்தான்.

எலும்பியல் அறிஞர் ஜான் வெரானோ அந்த எச்சங்களை ஆராய்ந்தார். கழுத்தெலும்புகளில் கத்தி வெட்டிய தடங்கள் இருந்தன. சிலருக்குப் பழைய முறிவுகள் ஆறிக் கூடியிருந்தன. இவர்கள் முன்பே சண்டை கண்டவர்கள். வேறு சிலருக்கு விலாவிலும் கையிலும் புதிய முறிவுகள் அப்போதுதான் கூடத் தொடங்கியிருந்தன. பிடிபட்டதற்கும் கொல்லப்பட்டதற்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருந்திருக்கிறது என்பது இதன் பொருள். அந்த வாரங்களில் யாரோ சோறும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். சாகப்போகிறவனின் எலும்பு, தன் வேலையாகக் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆத்திரத்தில் நடந்த கொலை அல்ல இது. நாள் குறித்து, முறை வகுத்து, காத்திருந்து செய்த காரியம்.

இதைச் செய்தவர்கள் யார் என்பதும் ஓரளவு துலங்கியிருக்கிறது. மோச்சே பானைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியில், கைதிகளின் கழுத்து அறுபடுகிறது, இரத்தம் கிண்ணத்தில் ஏந்தப்படுகிறது, ஒளி வீசும் அலங்காரத்தோடு இருக்கும் தலைவரிடம் அந்தக் கிண்ணம் நீட்டப்படுகிறது. தொல்லியலாளர் கிறிஸ்டோபர் டோனன் இதை ஆராயத் தொடங்கிய காலத்தில் பலரும் வெறும் புராணக் காட்சி என்றே நினைத்தார்கள். 1987இல் சிபானில் வால்டர் ஆல்வா ஒரு கல்லறையைத் திறந்தார். உள்ளே கிடந்தவர் அந்தத் தலைவருக்குரிய அணிகலன்களையே பூண்டிருந்தார். 1991இல் சான் ஹோசே தெ மோரோவில் பூசாரிப் பெண்ணின் கல்லறையும் அகப்பட்டது, கிண்ணத்தோடு. பானையில் வரைந்தவை மண்ணில் நடந்தவைதாம்.

பலியில் கொடுப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கும் ஒரு பழைய பதில் உண்டு. 1899இல் மாக்ஸ் ஊலே இந்தக் கோயில்களின் அடிவாரத்தில் முதல் முறையான அகழாய்வை நடத்திக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் பாரிஸில் சமூகவியலாளர்கள் ஆன்ரி உபேரும் மார்செல் மோசும் பலியைப் பற்றிய தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள். மனிதருக்கும் தெய்வத்துக்கும் நடுவில் பலிப்பொருள் ஒரு தூதாக நிற்கிறது, அது அழிவதன் வழியாகவே தொடர்பு உண்டாகிறது, அந்தப் புண்ணியம் பலி கொடுப்பவரைச் சேர்கிறது என்பது அவர்கள் வாதம். அருமையான ஆய்வு. ஆனால் அதில் கொடுப்பவர் ஒருவர், கொடுக்கப்படுவது வேறொன்று. கொடுக்கப்படுவது தானியமாகவோ ஆடாகவோ இருக்கும்வரை இழப்பு கொடுப்பவருடையது என்று சொல்லிவிடலாம். மனிதன் என்று வந்ததும் அந்தக் கணக்கு உடைகிறது. கிண்ணத்தை ஏந்திய தலைவர் எதை இழந்தார்? இழந்தவன் கயிற்றின் மறுமுனையில் நின்றவன்.

நிலவுக் கோயிலின் சுவர்களே இதற்கு எதிரிடையாக வேறு வகைக் காணிக்கை ஒன்றைக் காட்டுகின்றன. பக்கத்துச் சூரியக் கோயிலுக்கு மட்டும் 13 கோடிக்கு மேல் செங்கல் சென்றிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. (17ஆம் நூற்றாண்டில் பொன் தேடிய ஸ்பானியர்கள் மோச்சே ஆற்றையே அதன் மேல் திருப்பிவிட்டு அரித்ததால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். தங்கத்துக்காக ஒரு மலையைக் கழுவிவிட்டார்கள்.) இரு கோயில்களின் செங்கற்களிலும் விரலால் குத்திய புள்ளி, கோடு, வளைவு என நூற்றுக்கு மேற்பட்ட குறிகள் உண்டு. ஒரு குறியுள்ள கற்கள் சுவரில் ஒரே பகுதியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் ஊரும் தன் பங்கைத் தானே அறுத்து, தானே சுமந்து, தானே அடுக்கியது என்று இதை விளக்குகிறார்கள். ஆள்வோரின் கட்டளை இதில் இருந்திருக்கும். இருந்தாலும் கொடுத்தது தங்கள் முதுகையும் கையையும்.

அதோடு முடியவில்லை. ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளில் நிலவுக் கோயிலைப் பல முறை புதுப்பித்திருக்கிறார்கள். பழைய கோயிலை இடிக்கவில்லை. அறைகளையும் முற்றங்களையும் செங்கல்லால் திணித்து மூடி, வண்ணச் சுவர்களை அப்படியே உள்ளே புதைத்து, அதன் மேல் பெரிய கோயிலைக் கட்டினார்கள். தங்கள் தாத்தன் பூட்டன் தீட்டிய ஓவியத்தை இனி எவரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே மூடினார்கள். அழகைக் கண்காட்சிக்கு வைக்காமல் தெய்வத்திடமே ஒப்படைத்துவிட்ட இந்தச் செயல், பூமியிலுள்ள பெரும் பக்திச் செயல்களில் ஒன்று. 1991இலிருந்து சான்டியாகோ உசேதாவும் ரிக்கார்டோ மொராலெஸும் நடத்திய அகழாய்வு அந்த முத்திரையை உடைத்துத்தான் ஓவியங்களை வெளியே கொண்டுவந்தது. மூடியதால்தான் நிறம் பிழைத்தது. திறந்ததால்தான் உலகம் பார்த்தது. மண்ணில் புதைத்தவர்களின் விருப்பத்தை மீறாமல் இதைப் பார்க்க வழியில்லை. ஆகவே பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கடன் இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அவசரமாகத் தலையாட்டிவிட்டு நகர்வதில் அந்தக் கடன் தீராது.

ஒரே கட்டடத்தில் இரண்டு காணிக்கைகள். ஒன்றில் கொடுத்தவர் தன்னுடையதைக் கொடுத்தார். மற்றொன்றில் கொடுத்தவர் இன்னொருவனின் உயிரைக் கொடுத்தார். அப்படித்தானா?

அப்படித்தானா என்று கேட்கக் காரணம் உண்டு. மோச்சே போர்க்காட்சிகளில் இரு தரப்பு வீரர்களும் பெரும்பாலும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி ஆயுதம் தரித்திருக்கிறார்கள். ஒற்றைக்கு ஒற்றை மோதுகிறார்கள். தலைக்கவசத்தைத் தட்டி வீழ்த்தி எதிராளியின் உச்சிமயிரைப் பற்றுவதே வெற்றி. ஊரைப் பிடிக்கும் காட்சியோ தீ வைக்கும் காட்சியோ இல்லை. எனவே இது பலியாளைத் தேர்ந்தெடுக்க ஓர் இனத்துக்குள்ளேயே நடந்த சடங்குப் போர் என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். அப்படியானால் களத்தில் இறங்கும் ஒவ்வொருவனும் தன் கழுத்தைப் பணயம் வைத்தே இறங்குகிறான். தோற்றால் தானே காணிக்கை. கொடுப்பவனும் கொடுக்கப்படுபவனும் ஒருவனாகிவிடுகிற இடம் அது. மறுசாரார், இவர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து பிடித்துவரப்பட்ட பகைவர்கள் என்கிறார்கள். அப்படியானால் தெய்வத்தின் பெயரால் நடந்த வெற்றி விழா மட்டுமே மிஞ்சுகிறது. இசுமி ஷிமாதா குழுவின் மரபணு ஆய்வு முதல் கருத்தின் பக்கம் சாய்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ரிச்சர்ட் சட்டர் முதலானோர் பற்களின் அமைப்பை ஒப்பிட்டு இரண்டாவதை ஆதரித்தார்கள். பல்லைப் பற்றிய தொழில்நுட்பச் சண்டையாகத் தோன்றும் இதில் ஒரு மதத்தின் அறமே அடங்கியிருக்கிறது.

முதல் தரப்புக்கு வலுச்சேர்க்கும் பானைகள் சில உண்டு. மோச்சேக் குயவர்கள் மனித முகத்தை வனைவதில் அசாத்தியமானவர்கள். இன்ன ஆள் என்று அடையாளம் தெரியும்படி வனைந்தார்கள். மேலுதட்டில் வடுவுள்ள ஒருவரின் முகப்பானைகள் மட்டும் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பத்து வயதுச் சிறுவனிலிருந்து முப்பது தாண்டிய ஆண்வரை அவர் வளர்வதைப் பானை பானையாகப் பார்க்கலாம். இப்படி உருவப்பானை வனையப்பட்ட பிரமுகர்களில் சிலர் வேறு பானைகளில் ஆடையின்றி, கழுத்தில் கயிறோடு, கைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று டோனன் காட்டினார். முகமற்ற எதிரியை அல்ல, பேர்சொல்லி அழைத்த மனிதனைக் கொடுத்திருக்கிறார்கள். இது ஆறுதலா, கூடுதல் கொடுமையா? கொடுமை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் குயவன் அந்த முகத்தின் மேல் காட்டிய கவனத்தை வெறுப்பு என்று மட்டும் சொல்ல முடியாது.

வடக்கே சிக்காமா பள்ளத்தாக்கில் எல் புருஹோ என்ற இடத்தில், வாக்கா கவோ வியேஹோ என்னும் மற்றொரு மோச்சேக் கோயில் இருக்கிறது. ரெகுலோ ஃபிராங்கோ அங்கே கண்டெடுத்த கல்லறையின் பொதியை 2006இல் பிரித்தபோது, கைகளில் பாம்பும் சிலந்தியும் பச்சை குத்திய, இருபதுகளில் இறந்த ஒரு பெண் வெளிப்பட்டார். அதிகாரத்தின் சின்னங்களான செம்புப் பூணிட்ட கதாயுதங்களும் உடனிருந்தன. கவோ சீமாட்டி என்று அவரை அழைக்கிறார்கள். பண்டைப் பெருவில் பெண்கள் ஆளவில்லை என்ற எண்ணத்தை அவர் தகர்த்தார். அவரருகே கழுத்தில் நார்க்கயிறோடு ஒரு சிறுமி கிடந்தாள். அதே கோயிலில் வேறொரு கல்லறையில் ஓர் ஆணோடு ஒரு சிறுவன், அவனும் பலிதான். 2024இல் வெளியான மரபணு ஆய்வு இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று காட்டியது. அந்தச் சிறுமி அநேகமாகச் சீமாட்டியின் உடன்பிறந்தவர் ஒருவரின் மகள். அந்தச் சிறுவன் தன் தந்தையோடு புதைக்கப்பட்டவன்.

இங்கே மழை விளக்கமும் செல்லாது, பகைவர் விளக்கமும் செல்லாது. சொந்த இரத்தத்தையே கொடுத்திருக்கிறார்கள். சீமாட்டியும் அந்தத் தந்தையும் இறந்துபோனவர்கள். ஆகவே முடிவெடுத்தது உயிரோடு இருந்த உறவினர் யாரோ. அவர்கள் இழந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அந்த இழப்பு உண்மையாக இருந்தாலும், கழுத்து நெரிந்தது அவர்களுக்கு அல்ல.

கவோ அருங்காட்சியகத்தில் சீமாட்டியின் உடலை முகத்துக்கு முகம் பார்க்கவிடாமல், கண்ணாடியில் விழும் பிம்பமாகக் காணும்படி அமைத்திருக்கிறார்கள். இறந்தவருக்கு உரிய மரியாதை அது. அந்த மரியாதையில் ஒரு பங்கு சிறுமிக்கும் சேர வேண்டும். ஆண்ட பெண்ணின் துணைக்கு அனுப்பியவள் என்று ஒரு வரியில் கடந்துவிடாமல், அவள் யாருக்கு என்ன உறவு, எந்த வயதில், எந்தக் கயிற்றால் இறந்தாள் என்று வழிகாட்டிகள் சொல்லலாம். சொல்வதற்கான சான்று இப்போது இருக்கிறது.