செவிமடுக்கும் தலைமை

ஒரு மக்களினத்திற்குத் தலைவர்களை உருவாக்குவோர் யார்? வெளியிலிருந்து வந்து கற்பிப்போரா? அம்மக்களின் மண்ணும் மூத்தோருமா?

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வரலாறு இவ்வினாவை நம் முன் வைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவர்தம் பிள்ளைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசு இல்லங்களிலும் மறைபரப்பு நிலையங்களிலும் வளர்க்கப்பட்டனர். தாய்மொழியை மறப்பதே முன்னேற்றம் எனக் கருதியோருள் நம் திருச்சபையினரும் இருந்தனர். 2008இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஆயினும் வேர் அறுந்துவிடவில்லை. டேலி ஆற்றங்கரையிலுள்ள நௌயூ என்னும் சிற்றூரின் மிரியம்-ரோஸ் அங்கன்மர்-பாமன், கத்தோலிக்கப் பெண்மணி. தம் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர். தம் மக்களின் 'தாதிரி' என்னும் பண்பை நாடறியச் செய்தவரும் அவரே. அமைதியில் நிலைத்து ஆழ்ந்து செவிமடுத்தலே தாதிரி. 2013இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, இளையோர் தம் பண்பாட்டில் வேரூன்றியவாறே இன்றைய கல்வியிலும் உயர வழிகோலுகிறது.

இவ்வாறு வளரும் தலைமை காலம் பிடிக்குமே என்பர் சிலர். உண்மைதான். ஆனால், தம் மக்களின் குரலைக் கேட்டறியாத தலைவர் விரைந்து உருவானால் மட்டும் யாரை வழிநடத்துவார்? நல்லாயனின் குரலை ஆடுகள் அறியும் என்கிறது நற்செய்தி. அன்னியக் குரலை அவை பின்செல்வதில்லை.

1986இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் பழங்குடியினரைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், அவர்களுடைய பங்களிப்பு மகிழ்வுடன் ஏற்கப்படும்வரை அந்நாட்டுத் திருச்சபை நிறைவு பெறாது என்றார். கொடுப்பவர் நாமே என்னும் எண்ணத்தை விடுத்து, பெறுபவராய் அமரவும் நாம் கற்போமாக. பிறருக்குத் தலைமை கற்பிக்க முனையும் நமக்கு அதுவே முதற் பாடம்.