முதலில் சிரிப்பவர் யார்?

(மும்பை சீத்தா கேம்ப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்புரம் எரித்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். மேருமலையை வில்லாக வளைத்தார்கள். வாசுகி நாணானது. திருமாலே அம்பாக அமர்ந்தார். இத்தனை ஏற்பாடும் ஆன பிறகு சிவபெருமான் அம்பை விடவில்லை, சிரித்தார். மூன்று கோட்டையும் சாம்பலாயிற்று.

திருமூலர் இதற்கு உட்பொருள் சொல்கிறார். முப்புரம் என்பது வானத்தில் பறந்த கோட்டை அல்ல, நம்மைக் கட்டிப்போட்டிருக்கும் மும்மலங்களின் காரியம்தான் என்கிறார். ஆணவம், கன்மம், மாயை என்ற அந்த மூன்றில் மூத்தது ஆணவம். அதை எரிக்க இறைவன் எடுத்த நெருப்பு சிரிப்பு.

இந்த நெருப்பு பரவுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பக்கத்துக் கோலி வீட்டில் ஒருத்தி வாய்விட்டுச் சிரிக்கிறாள். நடுவே ஒற்றைச் சுவர். என்ன விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் உதடு விரிந்துவிடுகிறது. "என்னடி அங்க சிரிப்பு?" என்று கேட்கும்போதே உங்கள் குரலிலும் சிரிப்பு வந்துவிடுகிறது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் புரொவைன் மனிதர்கள் சிரிப்பதைப் பல ஆண்டுகள் கவனித்து ஆராய்ந்தார். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கண்டார். அதிலும் பெரும்பாலான சிரிப்பு நகைச்சுவைக்குப் பிறந்ததல்ல. "சரி, அப்புறம் பார்ப்போம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பிறந்தது.

இதில் எனக்குத் தெரிகிற ஆன்மீகம் ஒன்று உண்டு. 'நான்' என்கிற காவல்காரன் அனுமதி கொடுத்த பிறகு வருவதில்லை அந்தச் சிரிப்பு. அவனைக் கேட்காமலே உள்ளே வந்துவிடுகிறது. அந்த ஒரு கணம் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடுவே ஊர் இல்லை, சாதி இல்லை, மதம் இல்லை. இங்கேயுள்ள இஸ்லாமியச் சகோதரர்களைக் கேளுங்கள். சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பதும் தர்மம் என்று நபிகள் நாயகம் போதித்ததைச் சொல்வார்கள்.

இந்த மண்ணில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1976, நெருக்கடி நிலைக் காலம். மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, மே மாதத்தில், அணுசக்தி நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனி என்ற குடியிருப்பை இடித்தார்கள். அங்கிருந்த பல்லாயிரம் பேரை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இடுக்கண் வரும்போது சிரி, அதை எதிர்த்து நிற்க அதைப்போல வேறு துணை இல்லை என்கிறார் வள்ளுவர். சேற்றில் கம்பு நட்டுக் குடிசை போட்ட பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாட்களைப் பற்றிக் கேளுங்கள். கண்ணீரோடு தொடங்குவார்கள், சிரிப்பும் நடுவே வரும். அந்தச் சிரிப்பை மரியாதையோடு கேட்க வேண்டும்.

ஆனால் சிரிப்பெல்லாம் ஆணவத்தை எரிப்பதில்லை. இதைத்தான் இன்று அழுத்திச் சொல்ல வந்தேன்.

இதே மும்பையில், அந்தேரியில், 1995 மார்ச் 13 அன்று மருத்துவர் மதன் கட்டாரியா ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு சிரிப்பு மன்றம் தொடங்கினார். முதலில் ஒவ்வொருவராக ஜோக் சொன்னார்கள். சில நாளில் கூட்டம் பெருகியது. இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக்குகள் தீர்ந்துவிட்டன. பிறரைப் புண்படுத்துவதும் ஆபாசமும் தலைகாட்டின. சிலர் முகம் சுளித்தார்கள். கட்டாரியா யோசித்தார். ஜோக்கே வேண்டாம், சும்மாவே சிரிப்போம் என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வலிந்து தொடங்கியது சற்று நேரத்தில் உண்மைச் சிரிப்பானது. பிறகு மூச்சுப் பயிற்சியும் சேர்ந்து அது சிரிப்பு யோகா என்று உலகமெங்கும் போயிற்று. யாரையும் கேலி செய்யாமலே சிரிப்பு பரவும் என்று நிரூபித்த ஊர் இது. நாம் அதே ஊரில் வாழ்கிறோம்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் இடங்களில் எள்ளலை முதலில் வைத்தார். மனிதனை அறிந்தவர். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்தான். கூத்தில் பார்த்திருப்பீர்கள், பாஞ்சாலி சிரிக்கிறாள், சுற்றி நின்றவர்களும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் அவன் ஆணவம் எரிந்துபோகவில்லை. ஆணவத்துக்கு எண்ணெய் வார்த்தாயிற்று. அது குருக்ஷேத்திரம் வரை போயிற்று.

பரவுகிறது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. 1962 ஜனவரி 30 அன்று, ஆப்பிரிக்காவின் தங்கனிக்காவில் காஷாஷா என்ற ஊரில், ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். 159 பேரில் 95 பேரை அது பிடித்துக்கொண்டது. மார்ச் 18இல் பள்ளியையே மூடினார்கள். அது மகிழ்ச்சி அல்ல; மன இறுக்கம் அப்படி வெளிப்பட்டது, அழுகையும் கலந்தே வந்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தொடங்கியவர்கள் மூன்றே பேர் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

நம் பிள்ளைகள் மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போகிறார்கள். இந்தி கலந்த பம்பாய்த் தமிழில் ஏதோ கேட்கிறார்கள். திண்ணையில் ஒரு மாமா சிரிக்கிறார். உடனே பத்துப் பேர் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அன்றோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிடுகிறது. பத்துப் பேருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முதல் ஆள் சிரித்ததால் சிரித்தார்கள். பள்ளியில் திக்கிப் பேசுகிற பையனுக்கும், புதிதாக வந்த மருமகளின் சமையலுக்கும் இங்கேயும் இதுதான் நடக்கிறது.

ஆகவே தாய்மார்களே, பெரியவர்களே, உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான். ஒருவர் தடுமாறும்போது முதல் சிரிப்பு உங்களுடையதாக இருக்க வேண்டாம். வேறு யாராவது தொடங்கினால், நீங்கள் எழுந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.